ஒற்றைக் கோழி இருந்த வீட்டில் இரண்டாவது கோழி: செவத்தி, புள்ளி விவகாரம்

திண்டுக்கல் பக்கம் அக்கா வீட்டில் நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன். "வீட்டில் ஒரே ஒரு கோழிதான் இருக்கு, இன்னொன்று வாங்கி விட்டால் சேருமா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். அவர்களுக்குக் கிடைக்கும் பதில்களோ பெரும்பாலும் ஐம்பது, நூறு கோழி வைத்திருப்பவர்களின் அனுபவத்திலிருந்து வருபவை. ஐம்பதுக்குள் ஒன்றை விடுவது ஒரு விஷயமே இல்லை, கூட்டத்தில் அது பாட்டுக்குக் கரைந்துவிடும். மடியில் ஏறி உட்காரும் அளவுக்குச் செல்லமாக வளர்ந்த ஒற்றைக் கோழியின் முன்னால் இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்துவதில்தான் வம்பே இருக்கிறது.

பழைய கோழியின் பெயர் செவத்தி. சிறுவிடை என்ற சின்ன உடம்பு நாட்டுக்கோழி, செம்பழுப்பு நிறம், இரண்டு வயது தாண்டியது. குஞ்சிலிருந்து அதோடு ஒன்றாக வளர்ந்த இன்னொரு பெட்டையைக் கீரி கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் செவத்தி ஆளே மாறிப்போனது. அக்கா கண்ணிலிருந்து மறைந்தால் போதும், இழுத்து இழுத்து ஒரு கத்தல். அடுப்படி வாசலில் வந்து நின்றுகொள்ளும். சாயந்திரமானால் கூண்டுக்குப் போகாமல் பின்கட்டில் இருக்கும் வாஷிங் மெஷின் மேல் ஏறித் தூங்கும், முட்டையை அழுக்குத் துணிக் கூடையில் இடும். பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கை, பிள்ளைகள் வீடியோ எடுத்துத் தள்ளினார்கள். ஆனால் கோழி கூட்டமாக வாழும் பறவை. ஒன்று தலையைக் குனிந்து மேயும்போது இன்னொன்று தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கும், பருந்து தெரிந்தால் குரல் கொடுக்கும், எல்லாம் ஓடி ஒளியும். தனியாகிவிட்டால் மேய்ச்சலும் காவலும் ஒரே தலையில். அதனால் செவத்தி தனக்கு ஒரு கூட்டத்தைத் தேடிக்கொண்டது, அந்தக் கூட்டத்தின் பெயர் அக்கா. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், பின்னால் வந்த சிக்கலில் பெரும்பகுதி இதிலிருந்துதான் கிளம்பியது.

புதுக்கோழி வருவதற்கு முன்னால் கூண்டைச் சரி செய்தோம். இதைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். முன்னது எப்படிப் போனது என்பதைக் கண்டுபிடிக்காமல் அடுத்ததை வாங்கினால் அது கீரிக்குத் தீனி போடுகிற வேலை. கூண்டில் அடித்திருந்தது அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழி வலை. அது கோழியை உள்ளே வைக்கும், கீரியை வெளியே நிறுத்தாது. அரை இஞ்ச் கண்ணுள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, வாங்கி அடித்து, அடியில் தோண்டி ஒரு அடி ஆழத்துக்கு மண்ணுக்குள்ளும் இறக்கியாயிற்று. உள்ளே ஒரு கோழிக்கு நாலு சதுர அடி, வெளியே மேய எட்டிலிருந்து பத்துச் சதுர அடி என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. சேராத இரண்டைச் சேர்க்கும்போது அது போதாது, இன்னும் கூடுதல் வேண்டும். தோற்ற கோழி ஓடுவதற்கு இடம் இருந்தால்தான் சண்டை முடியும். இடம் இல்லையென்றால் தோற்றது மூலையில் சிக்கும், ஜெயித்தது நிறுத்தாது.

எந்தக் கோழியை வாங்குவது என்பதில் வீட்டில் மூன்று கட்சி. பிள்ளைகளுக்குத் தெருவில் வரும் கலர் குஞ்சு வேண்டும். மாமாவுக்குப் பெருவிடை மீது ஆசை. அக்காவுக்கு எதுவானாலும் சரி, அழகாக இருந்தால் போதும்.

கலர் குஞ்சு கதையே வேறு. சாயம் போட்டு விற்கும் அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் குஞ்சுப் பொரிப்பகத்தில் முட்டைக்கு ஆகாது என்று கழித்த ஆண் குஞ்சுகள். பிழைத்தாலும் சேவலாகத்தான் நிற்கும். அப்புறம், வளர்ந்த பெட்டைக்கு முன்னால் தாயில்லாக் குஞ்சை விட்டால் அது குஞ்சு என்று இரக்கப்படாது, ஓங்கி மண்டையில் ஒரே கொத்து. "கோழி மிதித்துக் குஞ்சு சாகாது" என்று சொல்வது தன் குஞ்சை மிதித்தால்தான். பெருவிடையோ சண்டைக்கென்றே தேர்ந்து தேர்ந்து வளர்த்த வழி, உடம்பிலும் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வரும். செவத்தியின் எடையோ ஒன்றேகால் கிலோ.

கடைசியில் அதே சிறுவிடையில், ஆறு மாதத்தை நெருங்கும் ஒரு விடைக்கோழி என்று முடிவானது. உடம்பு செவத்தி அளவு வந்துவிட்டது, இன்னும் முட்டைக்கு வரவில்லை. இந்தப் பருவத்துக்கு ஒரு வசதி உண்டு. அடி தாங்கும் உடம்பு இருக்கும், ஆனால் கொண்டை இன்னும் சிறுத்து வெளிறித்தான் இருக்கும். கோழி எதிராளியை எடைபோடுவது பெரிதும் தலையையும் கொண்டையையும் பார்த்து. சிவந்து விடைத்த கொண்டை என்றால் போட்டிக்கு வந்தவள், வெளிறிய கொண்டை என்றால் சின்னவள். வாரச்சந்தையில் வாங்கவில்லை. அத்தை, அதாவது அக்காவின் மாமியார், ஊரில் தனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலிருந்து கொண்டுவந்தார். சந்தையில் பத்து ஊர்க் கோழிகள் கால் கட்டி ஒன்றாகக் கிடக்கும், எந்த ஊர் நோய் எதன் மேல் ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. கறிக்கு வாங்குகிறவர்களுக்கு அது கவலையில்லை. வளர்க்க வாங்குகிறவர்கள் கவலைப்பட்டுத்தான் ஆகவேண்டும். வந்த கோழி கருப்பில் வெள்ளைப் பொட்டு, அதனால் புள்ளி.

தனியாக வைத்த காலம்

இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள், எனவே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

புதுக்கோழி வந்தால் மூன்று வாரத்துக்குக் குறையாமல், முடிந்தால் ஒரு மாதம், பழைய கோழியின் காற்றுகூடப் படாத இடத்தில் வைக்க வேண்டும். காரணம் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய். உலகம் முழுக்க இதை நியூகாசில் நோய் என்கிறார்கள். 1920களின் பின்பாதியில் இமயமலைப் பக்கம் இருக்கும் ராணிக்கேத் ஊரில் அடையாளம் கண்டதால் நம்மூரில் இந்தப் பெயர். தடுப்பூசி போடாத கோழிகளில் புகுந்தால் பட்டியே காலியாகும். வெள்ளையாகவும் பச்சையாகவும் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறக்கை தொங்கும், தப்பிப் பிழைத்தவற்றில் சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். நோய் உள்ளே போய் வெளியே தெரிய சராசரியாக ஐந்தாறு நாள் ஆகும், சிலதில் இரண்டு வாரம் கூட இழுக்கும். மூன்று வாரக் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. சளி நோய் இன்னும் மோசமான ஏமாற்றுக்காரன். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியைச் சுமக்கும் கோழி மாதக்கணக்கில் நன்றாகவே இருக்கும், இடம் மாறிய பயத்தில் உடம்பு தளரும்போதுதான் கண்ணில் நுரையும் மூக்கில் ஒழுகலும் வரும். வந்த அன்று துறுதுறுவென்று இருப்பதால் ஆரோக்கியமான கோழி என்று நம்ப முடியாது என்பது இதனால்தான்.

புள்ளியை மொட்டை மாடிப் படிக்கட்டு அறையில் வைத்தோம். நல்லவேளை அது தை மாதம். சித்திரை, வைகாசி வெயிலில் அந்த அறையில் கோழி வெந்துவிடும், அந்தக் காலத்தில் புதுக்கோழி கொண்டுவருவதையே தள்ளிப்போடலாம். முதலில் கீழே செவத்திக்குத் தீனி, தண்ணீர், கூண்டு கூட்டுதல் எல்லாம் முடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் மாடி. மாடிக்கென்று தனிச் செருப்பு, தனிக் கிண்ணம். இறங்கி வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவல். வரிசை மாறக்கூடாது, மாடிக்குப் போய்விட்டு நேராகக் கீழே வந்து செவத்தியைத் தூக்கினால் தனியாக வைத்ததற்கே அர்த்தம் இல்லை. மாமாவுக்கு இது ஆஸ்பத்திரி மாதிரி தெரிந்தது. அத்தைக்கு அப்படித் தெரியவில்லை, அவர் ஒரு கழிச்சலில் மொத்தக் கோழியையும் புதைத்தவர்.

அந்த நாட்களில் பார்க்க வேண்டியவை சில. எச்சம் கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருக்கிறதா. ரத்தம் கலந்திருந்தால் ரத்தக்கழிச்சல், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். காலையில் தொட்டுப் பார்த்தால் கழுத்தடியில் இருக்கும் இரைப்பை காலியாக இருக்கிறதா. நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் சதை இருக்கிறதா, இல்லை கத்தி முனை போல எலும்பு துருத்துகிறதா. இறக்கைக்கு அடியிலும் எச்சத் துவாரத்தைச் சுற்றியும் இறகைப் பிரித்துப் பார்த்தால் பேன் ஓடுவதும், இறகின் அடியில் கொத்துக் கொத்தாக ஈறு ஒட்டியிருப்பதும் தெரியும். புள்ளிக்குப் பேன் இருந்தது. கிராமத்துக் கோழிக்கு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். சாம்பலும் காய்ந்த வேப்பிலைத் தூளும் கலந்த மண்ணில் புரள விட்டதில் கணிசமாகக் குறைந்தது, மிச்சத்துக்குக் கால்நடை மருந்தகத்தில் மருந்து கொடுத்தார்கள், குடற்புழு நீக்கவும் கொடுத்தார்கள்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியில் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. இந்த மருந்து ஒரு குப்பியில் நூறு கோழிக்கும் அதற்கு மேலும் வரும், கரைத்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். இரண்டு கோழிக்காகக் குப்பியை உடைக்க யாரும் தயாராக இருக்கமாட்டார்கள், உடைக்கச் சொல்வதும் நியாயமில்லை. எந்த நாளில் மொத்தமாகப் போடுகிறார்கள் என்று விசாரித்து அன்றைக்குக் கொண்டுபோவதுதான் வழி. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடப்பது வழக்கம், நமக்கு அது தோதாக அமைந்தது. இரண்டுக்கும் போட்டோம், ஒரே கூடையில் வைத்து அல்ல, தனித்தனியாகக் கொண்டுபோய். ஊசி போட்டதும் பாதுகாப்பு வந்துவிடாது, எதிர்ப்பு சக்தி உருவாக இரண்டு வாரம் போலாகும். அந்த இரண்டு வாரமும் தனிமைக் காலத்துக்குள்ளேயே கழிந்துவிட்டது.

ராத்திரி வைத்தியம்

"ராத்திரி இருட்டில் கூண்டுக்குள் விட்டுவிடு, காலையில் எழுந்து பார்க்கும்போது ரெண்டும் எப்பவும் ஒன்றாக இருந்தது போல நினைத்துக்கொள்ளும்." கோழி வளர்க்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மாமாவும் இதை நம்பி, நாங்கள் யாரும் இல்லாத ஒரு ராத்திரி செய்து பார்த்துவிட்டார்.

இதில் பாதி உண்மை. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் சண்டை வராது, பக்கத்துச் சூட்டில் ஒண்டித் தூங்கும். பெரிய கூட்டத்தில், பரணில் வரிசையாகப் பதினைந்து கோழி உட்கார்ந்திருக்கையில், பதினாறாவதாக ஒன்று இருந்தால் காலையில் பெரிய கலவரம் ஆகாது. ஒற்றைக் கோழிக்கு எண்ணத் தெரிய வேண்டியதே இல்லையே. விடிந்ததும் பக்கத்தில் ஒரு அந்நிய முகம், ஓட வழியில்லாத பூட்டிய கூண்டு. மாமா கதவைத் திறப்பதற்குள் புள்ளியின் கொண்டையில் ரத்தம். கோழிக்குச் சிவப்பு நிறம் துல்லியமாகத் தெரியும், ரத்தம் பட்ட இடத்தைத்தான் அது திரும்பத் திரும்பக் கொத்தும். ஒன்றில் தொடங்கி உயிரை எடுக்கும் வரை போகிற பழக்கம் அது. நல்லவேளை மேலோட்டமான காயம். கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, சிவப்பு தெரியாத வரை திரும்ப மாடிக்கு அனுப்பியாயிற்று.

இன்னொரு வைத்தியமும் வந்தது, இரண்டின் மேலும் ஒரே எண்ணெயைத் தடவினால் ஒரே வாசனையில் குழம்பிவிடுமாம். கோழி ஆளை அடையாளம் காண்பது பெரும்பாலும் கண்ணால். எண்ணெய்தான் வீண். அலகு நுனியை வெட்டிவிடு என்று சொன்னவரும் உண்டு, அதற்குப் பதில்கூடச் சொல்லத் தேவையில்லை.

பஞ்சாரம்

அத்தைதான் பஞ்சாரத்தை எடுத்துவரச் சொன்னார். மூங்கிலில் குடை போலப் பின்னிய அந்தக் கூடையைக் கிராமத்தில் பருந்திலிருந்து குஞ்சைக் காப்பாற்றவும், கோழியைக் கவிழ்த்து அடைக்கவும் வைத்திருப்பார்கள். சேராத இரண்டைச் சேர்க்கத் தேவையானது எல்லாம் அதில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும், காற்று வரும், அலகு எட்டினாலும் ஆளைக் கிழிக்க முடியாது, தூக்கி எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். மரச்சட்டத்தில் வலை அடித்துத் தடுப்புக் கட்டுகிறவர்கள் செய்வதும் இதையேதான்.

பின்கட்டு முருங்கை நிழலில் புள்ளியைப் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வைத்து, செவத்தியை வெளியே விட்டோம். முதலில் செவத்தி கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது, மூங்கில் இடுக்கில் கொத்தியது, பக்கத்தில் நின்று எதையோ மும்முரமாகப் பொறுக்குவது போலப் பாவனை செய்தது. இந்தப் பாவனை முக்கியம். சண்டையா விலகலா என்று முடிவு எடுக்காத கோழி சும்மா தரையைக் கொத்தும். நாள் போகப் போகச் சுற்றி வருவது குறைந்தது. தீனியைப் பஞ்சாரத்திலிருந்து தள்ளி வைத்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தி, கடைசியில் மூங்கிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கிண்ணம், அந்தப் பக்கம் ஒரு கிண்ணம் என்று கொண்டுவந்தோம். ஒரே நேரத்தில், எதிரும் புதிருமாக, கம்பு தின்றன. சில நாள் மாற்றிச் செவத்தியைப் பஞ்சாரத்தில் போட்டுப் புள்ளியை வெளியே விட்டோம், புதியது இடத்தைக் கற்றுக்கொள்ள வேண்டுமே. எந்தத் தொட்டிக்குப் பின்னால் ஒளியலாம், துணி துவைக்கும் கல்லுக்கு எந்தப் பக்கம் வழி என்று தெரிந்த கோழி பாதி தப்பித்த கோழி.

எப்போது திறப்பது என்பதற்கு நாள் கணக்கு கிடையாது. ஒரு வாரத்தில் சிலது பழகும், சிலது இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்கும். செவத்தி பஞ்சாரத்தை ஒட்டிப் புழுதிக் குளியல் போட ஆரம்பித்ததைப் பார்த்து நான் திறக்கச் சொன்னேன். எதிரி பக்கத்தில் இருக்கிறான் என்று நினைக்கும் கோழி மண்ணில் பக்கவாட்டில் சாய்ந்து இறக்கையை விரித்துப் படுக்காது.

திறந்தபோது

மேய விட்ட நேரம் சாயந்திரம், இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. ஆத்திரம் முற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரண்டு தீனிக் கிண்ணம், இரண்டு தண்ணீர்ச் சட்டி, ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி. கொடியில் ஒரு முருங்கைக் கொப்பைக் கட்டித் தொங்கவிட்டோம், எட்டிக் கொத்திக்கொண்டிருக்க ஒரு வேலை. பழைய பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்தது மறைவுக்கு.

நடந்தது இதுதான். இரண்டும் நெஞ்சை நிமிர்த்தி நேருக்கு நேர் நின்றன, கழுத்து இறகு குடையாக விரிந்தது, ஒரு தாவல், காலால் ஒரு உதை, செவத்தி தலையில் ஒரு கொத்து. புள்ளி தலையைத் தாழ்த்திக்கொண்டு பலகைக்குப் பின்னால் ஓடியது. இவ்வளவும் சில நொடிதான். அக்கா "ஐயோ" என்று ஓடினாள். அத்தை கையைப் பிடித்து நிறுத்தினார்: "அதுபாட்டுக்கு அடிச்சிக்கிட்டு அடங்கிரும், நீ ஏன் நடுவுல போற?"

அத்தை சொன்னதை நார்வேக்காரர் ஒருவர் ஆய்வாகவே எழுதியிருக்கிறார். தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே என்பவர், சிறுவயதிலிருந்தே வீட்டுக் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வைத்து, 1920களின் தொடக்கத்தில் கோழிகளுக்குள் ஒரு கொத்து வரிசை இருப்பதைக் காட்டினார். மேலே இருப்பது கீழே இருப்பதைக் கொத்தலாம், கீழே இருப்பது திருப்பிக் கொத்தாது. வரிசை முடிவாகிவிட்டால் சண்டை அநேகமாக நின்றுபோகும், ஒரு முறைப்பு போதும், மற்றது ஒதுங்கும். முடிவாகாத வரைதான் அடிதடி. அந்த நேரத்தில் நாம் ஓடிப்போய் ஒன்றைத் தூக்கினால் ஆட்டம் பாதியில் நிற்கிறது, அடுத்த நாள் முதலிலிருந்து. தூக்கித் தூக்கிக் காப்பாற்றும் வீடுகளில் சண்டை மாதக்கணக்கில் நீளுவதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

தலையிட வேண்டிய இடம் இல்லாமல் இல்லை. ரத்தம் வந்தால் உடனே பிரிக்க வேண்டும். ஒன்று மூலையில் சுருண்டுவிட்ட பிறகும் மற்றது மேலே ஏறி நின்று கொத்திக்கொண்டே இருந்தால் பிரிக்க வேண்டும். தோற்றது ஒரு நாள் முழுக்கத் தீனிக்கோ தண்ணீருக்கோ வராவிட்டால், சாயந்திரம் இரைப்பையைத் தொட்டால் தட்டையாக இருந்தால், பிரிக்க வேண்டும். மற்றபடி துரத்தல், தலையில் ஒரு கொத்து, நாலு இறகு பறப்பது எல்லாம் கோழி வீட்டு நடைமுறை. தினமும் சாயந்திரம் புள்ளியின் இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பதை அக்காவின் பெரிய பெண் ஏற்றுக்கொண்டாள், நெல்லும் குருணையும் நிறைந்து கோலிக்குண்டுப் பை மாதிரி இருந்தால் நிம்மதியாக உள்ளே வருவாள்.

சண்டை எங்கே மிஞ்சியிருந்தது

முதல் வாரம் தாண்டியதும் பின்கட்டில் பெரிய தகராறு இல்லை. முருங்கையடியில் இரண்டும் பத்தடி இடைவெளியில் மேய்ந்தன, அப்புறம் ஐந்தடி. ஆனால் தினம் காலையில் மட்டும் செவத்தி புள்ளியை வெறியோடு விரட்டியது, அதுவும் அடுப்படி வாசலில். நான் போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். அக்கா படியில் வந்து உட்காருவாள், செவத்தி மடிக்கு வரும், பாவம் என்று புள்ளிக்கும் கையிலிருந்து கொஞ்சம் பொரிகடலை நீட்டுவாள். புள்ளி கிட்டே வந்த நொடியில் செவத்தி பாயும். அக்கா செவத்தியை அதட்டிவிட்டுப் புள்ளியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள்.

செவத்திக்கு அக்கா கூட்டாளி மட்டுமில்லை, தீனி வரும் இடமும் அதுதான், ராத்திரி அடைய நினைக்கும் கிளையும் அதுதான். தீனிக் கிண்ணத்துக்கு இரண்டாவது வைத்தோம், தண்ணீருக்கு இரண்டாவது வைத்தோம், அக்கா மட்டும் ஒன்றே ஒன்று. அதனால் கைத்தீனியை நிறுத்தச் சொன்னேன். பொரிகடலையோ சோறோ, நின்றபடியே பரவலாகத் தரையில் விசிறி எறிந்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். மடியில் யாருக்கும் இடம் கிடையாது, கொஞ்ச காலத்துக்கு. அக்காவுக்கு இதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது, தனிமைக் காலத்துச் செருப்பு, சோப்பு எல்லாவற்றையும் விட. செவத்தி இரண்டு மூன்று நாள் வாசலில் நின்று கத்தியது. அப்புறம் கத்தல் குறைந்தது, பின்கட்டில் புள்ளி இருக்கும் பக்கமாகப் போய் மேய ஆரம்பித்தது. அந்த வாரத்திலேயே வாஷிங் மெஷினை விட்டுக் கூண்டுப் பரணுக்கு ஏறியது, புள்ளி அங்கே இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

முட்டை விஷயத்தில் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. புள்ளி முட்டைக்கு வந்தபோது இரண்டாவது கூடை ஒன்றில் வைக்கோல் போட்டுத் தனியாக வைத்தோம், அதை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செவத்தி இட்ட கூடையில்தான் இட்டது. ஏற்கெனவே முட்டை கிடக்கும் இடத்தைத்தான் கோழி நம்பும். ஒன்று உள்ளே இருந்தால் மற்றது பக்கத்தில் நின்று முனகிக்கொண்டு காத்திருக்கும். கிளிஞ்சல் தூளைத் தீனியில் கலக்காமல் தனிச் சிரட்டையில் வைத்தது மட்டும் கவனமாகச் செய்தது, முட்டைக்கு வராத கோழிக்கு அவ்வளவு சுண்ணாம்பு சிறுநீரகத்துக்கு ஆகாது.

வரிசை புரண்டது

கதை இங்கே முடிந்திருக்கும், செவத்தி அடைக்கு உட்காராமல் இருந்திருந்தால். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடை கேட்கும். சேவல் இல்லாத வீடு, முட்டை கூமுட்டைதான். அடை தெளிய வைக்க வேண்டும். தண்ணீரில் முக்குவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அடிவயிற்றுக்குக் காற்றுப் படும்படி பஞ்சாரத்தை நாலு செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் வலை கட்டி, செவத்தியை அதில் வைத்தோம். தீனி, தண்ணீர் உண்டு, படுக்க மெத்தென்ற இடம் இல்லை. சில நாளில் தெளிந்துவிட்டது. பஞ்சாரம் பின்கட்டிலேயே இருந்ததால் புள்ளியின் கண்ணிலிருந்து செவத்தி மறையவில்லை, மறைந்திருந்தால் திரும்பி வரும்போது அதுவே புதுக்கோழியாக ஆகியிருக்கும்.

ஆனாலும் அடையில் கிடந்த கோழி சரியாகத் தின்பதில்லை, கொண்டை சுருங்கி வெளிறிப் போயிருந்தது. புள்ளிக்கோ அந்த நேரத்தில் கொண்டை செக்கச் செவேல். வெளியே வந்த அன்றே புள்ளி நேராக வந்து நெஞ்சை நிமிர்த்தியது. ஒரே தாவல், செவத்தி ஒதுங்கிவிட்டது. வீட்டுக்கு மூத்தது, பிள்ளை மாதிரி வளர்ந்தது, இப்போது நேற்று வந்தவளுக்கு வழி விட்டு நிற்கிறது என்று அக்காவுக்கு ஆற்றாமை. "அவ தின்னுட்டு வந்ததுக்கப்புறம்தான் இவ கிட்ட போறா, பாரு" என்று போனில் சொல்லிச் சொல்லிக் குமைந்தாள். இரைப்பை நிறைகிறதா என்று கேட்டேன். நிறைகிறது. ரத்தம்? இல்லை. ராத்திரி ஒரே பரணிலா? ஆமாம், ஒட்டிக்கொண்டு. அப்படியானால் செய்ய எதுவும் இல்லை. கோழிக்கு மூத்த உரிமை கிடையாது, அக்கா செவத்தி பக்கம் நின்று புள்ளியை விரட்டத் தொடங்கினால் பழைய வாசற்படிச் சண்டை இன்னொரு முறை வரும், அவ்வளவுதான் லாபம்.

செவத்தியின் கொண்டை திரும்பச் சிவந்த பிறகும் வரிசை மாறவில்லை. இரண்டு கிண்ணம் இன்னும் இரண்டு மூலையில் இருக்கின்றன, அதை ஒன்றாக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது பிள்ளைகள் மூன்றாவதாக, தலையில் இறகுக் குடுமி வைத்த ஒரு கிராப்புக் கோழி கேட்கிறார்கள். ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் இந்த முறை எதிரில் ஒரு ஜோடி நிற்கும், அடி இரண்டு பக்கமும் விழும். வாங்குவதானால் ஒன்றாக வளர்ந்த இரண்டை வாங்க வேண்டும், இரண்டையும் சேர்த்து மாடியில் ஒரு மாதம் வைக்க வேண்டும், கூண்டை இன்னும் எட்டுச் சதுர அடி நீட்ட வேண்டும். மாமா வெல்டு மெஷ் விலையை விசாரித்துவிட்டு அடுத்த தைக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறார்.